விளக்கு அணைந்ததாகக் கருதப்படுகிறது

ஹிக்மத்தின் வெள்ளைக் காருக்கு இருபத்து மூன்று வயது. அந்த வயதில் ஒரு காரின் முகப்பில் ஏதாவது ஒன்று எரிந்துகொண்டுதான் இருக்கும். அதனால் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தபோது அவர் அலட்டிக்கொள்ளவில்லை. கவலை வந்தது அடுத்த மேட்டில்தான். ஆக்ஸிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தும் கார் மூச்சு வாங்கியது, இருமியது, பிறகு யோசித்து யோசித்து நகர்ந்தது. அறுபது சிலிண்டர்களை ஏற்றிய காஸ் லாரி ஒன்று, ஆள் கூப்பிடத் தெருவுக்குத் தெரு வாசிக்கும் அதே பியானோ மெட்டை வாசித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் லுஜைன் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

"அப்பா, காஸ் வண்டி நம்மள முந்திடுச்சு."

"பார்த்தேன்மா."

"நடுவுல நின்னு ஒரு சிலிண்டர வித்துட்டு வேற போறான்."

அம்மான் நகரில் மேடு ஏறாமல் எங்கும் போக முடியாது. தயிர் வாங்கப் போனாலும் ஒரு மலையில் இறங்கி இன்னொன்றில் ஏற வேண்டும். லுஜைனுக்கோ இன்னும் பதிமூன்று நாளில் தவ்ஜீஹி, பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சை. அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் ஒரு பிள்ளை டாக்டரா, கடையில் பொட்டலம் கட்டுகிறதா என்று நாடே தீர்மானிக்கும். முதல் தாள் கணக்கு. அவளுக்கு ஒதுக்கிய பள்ளி எதிர்மலையின் உச்சியில் இருந்தது. பத்து மணிக்கு வாசற்கதவைச் சாத்திவிடுவார்கள். போன வருடம் பக்கத்து வீட்டு அனஸ் மஞ்சள் டாக்ஸிக்குக் காத்திருந்தே ஒரு தாளைக் கோட்டை விட்டான். அன்றிலிருந்து அவன் அம்மா தெருவில் யாருக்கும் ஸலாம் சொல்வதில்லை.

ஹிக்மத் மறுநாளே காரை மெக்கானிக் யனாலிடம் விட்டார். யனால் ஸ்டீயரிங்குக்கு அடியில் கையளவு கருவி ஒன்றைச் செருகி, அதில் வந்த எண்ணைப் படித்தான். பேனட்டைத் திறந்து என்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டான். ஒரு ரப்பர் குழாயை விரலால் மடக்கிக் காட்டினான். மடிப்பின் அடியில் வாய் பிளந்தது போல ஒரு கிழிசல்.

"அபு லுஜைன், பெரிய வியாதி ஒண்ணுமில்ல," என்றான். லுஜைனின் அப்பா என்பதால் ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். "உள்ள போற காத்த அளக்குற கருவி இங்க இருக்கு. கிழிசல் அதுக்கு அந்தாண்ட. கணக்குல வராத காத்து திருட்டுத்தனமா நுழையுது. காத்துக்குத் தகுந்த பெட்ரோல் போகல. அதான் விளக்கும் எரியுது, பிக்கப்பும் இல்ல."

"மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை மணி. டீ குடிச்சா முக்கால் மணி."

"டீயும் சொல்லு. மாத்து."

யனால் பேனட்டை மெதுவாக மூடினான். சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினான். அதில் மூன்று முத்திரைகளும் ஒரு கழுகும் இருந்தன.

"முடியாது. லைசென்ஸ் முடிய ஒரு மாசத்துக்குள்ள இருக்குற வண்டில இந்த விளக்கு எரிஞ்சா, உண்மைநிலை மையம் கோளாறுச் சான்று குடுக்கணும். அது வராம நான் ஸ்பேனரத் தொட்டா கடைய மூடிடுவாங்க. எதிர்க் கடையப் பாருங்க."

எதிர்க் கடையின் ஷட்டரில் சிவப்பு அரக்கு உருகி வழிந்திருந்தது.

"கோளாறு என்னன்னு உனக்குத்தான் தெரியுதே, யனால்!"

"எனக்குத் தெரிஞ்சு என்ன பண்ண? அவங்களுக்குத் தெரியணும்."

வாகன உண்மைநிலை அறியும் மையம் நகரத்துக்கு வெளியே புதிதாகக் கட்டிய வெள்ளைக் கல் கட்டடத்தில் இருந்தது. முகப்பில் பெரிய எழுத்தில் 'நாங்கள் இல்லாமல் உங்கள் வாகனம் தன்னை அறியாது' என்று பொறித்திருந்தார்கள். ஹிக்மத் அதை இரண்டு தடவை படித்தார். திரைச்சீலை தைத்துப் பிழைக்கிற மனிதர். தன்னை அறியாத திரைச்சீலையைப் பற்றி அவர் இதுவரை கவலைப்பட்டதில்லை.

முதல் ஜன்னலில் இருந்த எழுத்தர் ஃபலாஃபெல் சாண்ட்விச்சை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்.

"விளக்கு எரியுதா?"

"எரியுதுங்க."

"எரிஞ்சா எடுத்துக்க மாட்டோம். அணைச்சுட்டு வாங்க."

"அணையணும்னா கோளாறு சரியாகணும். சரி பண்ண உங்க சான்று வேணும்."

எழுத்தர் முகம் மலர்ந்தது. "அட, கரெக்டாச் சொல்றீங்களே! நிறையப் பேருக்கு இது புரியறதுக்கே மூணு நாள் ஆகுது. படிச்சவரா?"

"இல்லைங்க. தையல்."

"பரவாயில்ல, உக்காருங்க. உங்களுக்காக ஒண்ணு பண்றேன். எரியுற விளக்கு, அணைஞ்ச விளக்குன்னு ரெண்டு பிரிவு இருக்கு. எரியுற பிரிவுல எழுதிக்கறேன். ஆனா அவங்க விளக்க மட்டும்தான் பார்ப்பாங்க. ஏன் எரியுதுன்னு கேட்கக் கூடாது. அது அவங்களுக்குப் பிடிக்காது."

எட்டுப் பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். 'விளக்கு எரிந்த நேரத்தில் வாகனத்தில் வேறு யார் இருந்தார்கள்? அவர்கள் விளக்கைப் பற்றி ஏதும் கருத்துத் தெரிவித்தார்களா?' என்றொரு கேள்வி இருந்தது. ஹிக்மத் நேர்மையாக, 'மகள். காஸ் வண்டி முந்தியதாகச் சொன்னாள்' என்று எழுதினார்.

எரியும் விளக்குப் பிரிவில் இருவர் காரில் ஏறினார்கள். ஒருவர் விளக்கைப் பார்த்து, "எரியுது," என்றார். மற்றவர் எழுதிக்கொண்டார். இடம் மாறி உட்கார்ந்தார்கள். இப்போது எழுதிக்கொண்டவர், "ஆமா, எரியுது," என்றார். முதலாமவர் எழுதிக்கொண்டார். இறங்கி, பேனட்டின் விளிம்பில் சிவப்பு முத்திரைத் தாள் ஒன்றை ஒட்டினார்கள்.

"இது எதுக்குங்க?"

"விசாரணை முடியுற வரைக்கும் யாரும் பேனட்டத் திறக்கக் கூடாது. உள்ள இருக்குற ஆதாரத்தக் கலைச்சிடுவாங்க."

"உள்ள ஒரு ரப்பர் குழாய் கிழிஞ்சிருக்கு. நானே சொல்லிடறேனே."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தயவுசெஞ்சு எங்க காதுல விழுற மாதிரி அதச் சொல்லாதீங்க," என்றார் மூத்தவர். "அப்புறம் அதையும் எழுதணும்."

காரணம் கண்டுபிடிக்கிற கருவி இழுவைக் குறைவுப் பிரிவில் இருந்தது. அந்தப் பிரிவு மூன்றாவது மாடியில். மாடிக்குக் காரோடு போகச் செங்குத்தாக ஒரு சாய்தளம் கட்டியிருந்தார்கள். ஹிக்மத் அடியில் நின்று மேலே பார்த்தார். கழுத்து வலித்தது.

முதல் தடவை கார் பாதி ஏறி நின்று, வந்த வழியே பின்னால் உருண்டது. இரண்டாம் தடவை பாதிக்குக் கொஞ்சம் கீழேயே நின்றது. வரிசையில் நின்றிருந்த நாலைந்து பேர், "வாங்கப்பா, ஒரு கை குடுப்போம்," என்று தள்ள வந்தார்கள். சாய்தளத்துக் காவலர் ஊதலை ஊதினார்.

"யாரும் தொடாதீங்க! வெளி இழுவை கூடாது. வண்டி சொந்தக் கால்ல வரணும்."

"ஐயா, மேடு ஏற முடியலன்னு சொல்லத்தானே மேல போறேன்!"

"நல்லாச் சொல்லுங்க. மேல வந்து சொல்லுங்க. கீழ நின்னு சொன்னா அவங்களுக்கு எப்படிக் கேக்கும்?"

அன்று மாலை அவர் கையில் கொடுத்த சீட்டில் 'வாகனம் பரிசோதனைக்கு வரவில்லை' என்றிருந்தது. மறுநாளும் அதே. நான்காவது சீட்டில், 'தொடர்ந்து வராததால் வாகனத்தின் நடத்தை சந்தேகத்துக்குரியது' என்று சேர்த்திருந்தார்கள்.

பரீட்சைக்கு ஐந்து நாள் மிச்சம். லுஜைன் சமையலறை மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டே, "நான் போய் அந்தத் தாளப் பிச்சுட்டு டேப் சுத்திடறேன், ரெண்டு நிமிஷம்," என்றாள்.

"வேணாம்மா. முத்திரையக் கிழிச்சா வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்களாம். போர்டுல போட்டிருக்கு."

"கீழ இறங்கி வந்து பார்த்தா என்னவாம் அவங்களுக்கு?" என்று முணுமுணுத்தாள்.

அப்போதுதான் ஹிக்மத்தின் பெரியப்பா அபு மித்ஹத் ஒரு யோசனை சொன்னார். ஓய்வு பெற்ற பள்ளி ஆய்வாளர். அந்தப் பகுதியில் எந்தக் கல்யாணம் பேசினாலும், எந்தச் சண்டையைத் தீர்த்தாலும் பெரியவர்கள் கூட்டமாகப் போகிற ஜாஹாவுக்கு அவர்தான் தலைமை. வீட்டுக்காரர் காப்பி கொடுப்பார். போனவர்கள் கோப்பையைத் தொடாமல் கீழே வைத்துவிட்டுக் கோரிக்கையைச் சொல்வார்கள். 'காப்பியைக் குடியுங்கள், கேட்டது கிடைத்தது' என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் குடிப்பார்கள். குடிக்காத காப்பியோடு பெரியவர்களைத் திருப்பி அனுப்பிய மனிதன் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

"ரெண்டு கொலை வழக்க முடிச்சு வச்சவன்டா நான்," என்றார் அபு மித்ஹத். "ஒரு ரப்பர் குழாய் எனக்கு எம்மாத்திரம்? இயக்குநர்கிட்ட ஜாஹா போவோம்."

புதன்கிழமை ஹிக்மத்தோடு சேர்த்துப் பதினான்கு பேர் தலைத்துணியும் கறுப்புக் கயிறும் மேலங்கியுமாக வாடகைக்கு எடுத்த சிற்றுந்தில் போய் இறங்கினார்கள். ஹிக்மத்தின் மாமனார் ஃபவ்வாஸும் இருந்தார். சர்க்கரை வியாதிக்காரர், வெயில் வேறு. இறங்கும்போதே நாக்கு வறண்டு உதட்டை நக்கிக்கொண்டிருந்தார்.

இயக்குநர் பொறியாளர் ஃபஹ்மி இப்படி ஒரு கௌரவம் தன் வாழ்நாளில் வந்ததில்லை என்பதுபோல எழுந்து நின்றார். சுவரோரம் நாற்காலிகள் போட்டார்கள். ஏலக்காய் மணக்கும் கசப்புக் காப்பி சின்னக் கோப்பைகளில் வந்தது. பதினான்கு கோப்பைகளும் தொடாமல் கீழே இறங்கின. அபு மித்ஹத் தொண்டையைச் செருமினார். ஆனால் இயக்குநர் முந்திக்கொண்டார்.

"பெரியவங்களே, நீங்க பேசறதுக்கு முன்னால இந்த மையத்தப் பத்தி ரெண்டு வார்த்தை. முன்னாடியெல்லாம் எப்படி இருந்துச்சு? விளக்கு எரிஞ்சா ஜனங்க நேரா மெக்கானிக்கிட்ட ஓடுவாங்க. அரை மணியில சரியாயிடும். இது ஒரு நிர்வாகமா? ஒரு கோளாறு யாருக்கும் தெரியாம வருது, யாருக்கும் தெரியாம போயிடுது! அரசாங்கத்துக்கு அதுல என்ன மரியாதை? இப்பப் பாருங்க. போன வருஷம் பதினோராயிரம் கோளாறு எங்ககிட்ட பதிவாச்சு. ஒண்ணு, ஒரே ஒண்ணுகூட எங்க கைய விட்டுப் போகல. எல்லாம் பத்திரமா இருக்கு."

பெரியவர்கள் தலையசைத்தார்கள். இயக்குநருக்கு உற்சாகம் கூடியது.

"மூணாவது மாடிக்கு ஏன் அப்படி ஒரு மேடுன்னு கேட்பாங்க. நான்தான் வரைஞ்சேன். இழுவை இல்லாத வண்டிங்க வந்து குவிஞ்சு கருவி தேஞ்சு போகுது. மேடு கட்டினதுலேருந்து கருவி புதுசு மாதிரி இருக்கு. மேல போட்ட உறையக்கூட எடுக்கல."

பிறகு அபு மித்ஹத் ஆரம்பித்தார். இறைவனைப் புகழ்ந்தார். இயக்குநரின் குலத்தைப் புகழ்ந்தார். அவருடைய தாத்தாவின் விருந்தோம்பலைப் புகழ்ந்தார், அந்தத் தாத்தாவின் குதிரையைக்கூட விடவில்லை. கொலை வழக்கில் அரை மணி புகழ்ந்தால் ரப்பர் குழாய்க்கும் அரை மணி புகழ வேண்டும், அதுதான் முறை. "இப்படிப்பட்ட வாசலுக்கு வந்தவங்க வெறுங்கையோட போனதில்ல. அதனால பொறியாளர் ஃபஹ்மி அவர்களே, எங்க கோரிக்கை என்னன்னா..." என்று அவர் மூச்சு இழுத்த அந்த இடைவெளியில், அறையில் ஒரு சத்தம் கேட்டது.

சர்ர்ர்.

எல்லோரும் திரும்பினார்கள். மாமனார் ஃபவ்வாஸ் காலிக் கோப்பையை உதட்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"தொண்டை ஒட்டிக்கிச்சு," என்றார்.

அபு மித்ஹத் அப்படியே உறைந்து போனார். நாற்பது வருட ஜாஹாவில் இப்படி நடந்ததில்லை. காப்பியைக் குடித்தால் கேட்டது கிடைத்துவிட்டது என்று அர்த்தம். கேட்டது கிடைத்த பிறகு ஒரு மனிதன் மேற்கொண்டு கேட்டால் அதைவிட அவமானம் வேறில்லை.

இயக்குநர் துள்ளி எழுந்தார். "குடிச்சுட்டீங்களா! அப்பப் பேச்சே கிடையாது. நீங்க கேட்டது கிடைச்சாச்சு!"

"ஐயா, நாங்க இன்னும் கேக்கவே இல்ல..." என்று ஹிக்மத் இழுத்தார்.

அபு மித்ஹத் அவர் தொடையைக் கிள்ளினார். "வாய மூடு. குலத்தக் கேவலப்படுத்தாத."

"கேட்டப்புறம் குடுக்கறதா கௌரவம்?" என்றார் இயக்குநர். "என்னால என்ன பெருசா குடுக்க முடியுமோ அதக் குடுக்கறேன்." பேனாவை எடுத்தார். துணை இயக்குநர் தட்டு நிறையச் சூடான குனாஃபா கொண்டுவந்தார். பதின்மூன்று பேர் ஆறிப்போன காப்பியைக் குடித்தார்கள். பேச்சு முடிந்த அடையாளமாக ஃபாத்திஹா ஓதினார்கள். மாமனாருக்கு இனிப்பு ஆகாது, இரண்டு துண்டு சாப்பிட்டார்.

புதுப்பித்த லைசென்ஸோடு வந்த தகுதிச் சான்றிதழை ஹிக்மத் வெளியே வந்துதான் படித்தார். 'எச்சரிக்கை விளக்கு: அணைந்ததாகக் கருதப்படுகிறது. இழுவை: மிகச் சிறப்பு. கோளாறு: எதுவுமில்லை.' கீழே தங்க நிற முத்திரை. சிற்றுந்தில் எல்லோரும் கை தட்டினார்கள்.

நேராக யனாலிடம் போனார்.

யனால் சான்றிதழைப் படித்து நெற்றியில் அடித்துக்கொண்டான். "யார் உங்கள இத வாங்கச் சொன்னது, அபு லுஜைன்? கோளாறு இருக்குற வண்டியச் சான்றோட தொடலாம். கோளாறே இல்லாத வண்டிய நான் எப்படித் தொடுவேன்? நல்லா இருக்குற வண்டியக் கழட்டுனா அது தனிக் குற்றம். அதுக்கு ஆறு மாசம் கடை மூடல்."

"அந்த முத்திரையாச்சும் எடுத்து விடு."

"முத்திரைய அவங்கதான் எடுக்கணும். கோளாறு சரியானதும் எடுப்பாங்க. உங்களுக்குத்தான் கோளாறே இல்லையே, எது சரியாகும்?" யனால் குரலைத் தாழ்த்தினான். "எனக்கும் மூணு புள்ளைங்க. மன்னிச்சிடுங்க."

சனிக்கிழமை எட்டு மணிக்கே கிளம்பினார்கள். ஜாஹாவுக்கு வந்த சொந்தக்காரர்களில் கார் வைத்திருந்த இருவரின் பிள்ளைகளுக்கும் அன்றுதான் பரீட்சை, வேறு வேறு மலைகளில். டாக்ஸிகள் கையைக் காட்டினால் இன்னும் வேகமாகப் போயின. லுஜைன் மடியில் நுழைவுச் சீட்டும் அடையாள அட்டையும் இரண்டு பேனாவும். ஹிக்மத் வாய்க்குள் ஓதிக்கொண்டே ஓட்டினார். பள்ளத்தாக்கு வரை எப்படியோ வந்துவிட்டார்கள். எதிர்மலை தொடங்கியதும் கார் நடுங்கியது.

ஒன்பது இருபதுக்கு முதல் வளைவு. பின்னால் வந்தவர்கள் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒருவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இறங்கித் தோள்ல தூக்கிட்டுப் போங்க மாமா!" என்றான். முகப்பில் மஞ்சள் விளக்கு, அணைந்ததாகக் கருதப்பட்டபடி, பளிச்சென்று எரிந்தது.

ஒன்பது முப்பத்தைந்து. ஆள் நடக்கிற வேகம்தான்.

"அப்பா, நிறுத்துங்க."

"நிறுத்தினா மறுபடி கிளம்பாதும்மா."

"நிறுத்த வேணாம். இப்படியே போங்க." லுஜைன் கதவைத் திறந்து, ஓடுகிற காரிலிருந்து சாதாரணமாக இறங்கினாள். கார் அவ்வளவு மெதுவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சாலையோரத்தில் மலையை நேராகக் கிழித்துக்கொண்டு மேலே போகும் கல் படிக்கட்டு. எழுநூறு படியாவது இருக்கும். அவள் கால்சட்டையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.

"பார்த்து! விழுந்துடாத! தண்ணி எடுத்துக்கிட்டியா?" என்று கத்தினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சாலை மலையைச் சுற்றிச் சுற்றிப் போனது. படிக்கட்டு ஒவ்வொரு வளைவிலும் சாலையைக் குறுக்கே வெட்டியது. இரண்டாவது வளைவில் அவர் போய்ச் சேரும்போது லுஜைன் சாலையைத் தாண்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வளைவுக்கு வந்தபோது அவள் நாலு வீட்டு உயரம் மேலே இருந்தாள். அங்கே போக்குவரத்துக் காவலர் ஒருவர் கையை நீட்டிக் காரை ஓரம் கட்டினார். கார் மகிழ்ச்சியோடு நின்றுவிட்டது.

"பின்னால எத்தன வண்டி நிக்குது தெரியுதா? பரீட்சை நாள்ல ஊர்வலமா போறீங்க?"

"பிக்கப் இல்லைங்க, பாஷா. மேடு ஏறல."

அந்த ஊரில் காவலர் என்றாலே பாஷாதான். அவர் காகிதங்களை வாங்கிப் பார்த்தார். தங்க முத்திரையைத் தடவிப் பார்த்தார். சான்றிதழை வாய்விட்டுப் படித்தார்.

"இழுவை மிகச் சிறப்பு. கோளாறு எதுவுமில்ல. அதுவும் இயக்குநரே கையெழுத்துப் போட்டிருக்காரு. அப்ப வண்டி மேல தப்பில்ல. நீங்கதான் வேணும்னே மெதுவா ஓட்டறீங்க."

"விளக்கப் பாருங்க, எரியுது!"

"அணைஞ்சிருக்குன்னு இதுல எழுதியிருக்கு." காவலர் குற்றச்சீட்டுப் புத்தகத்தை எடுத்துப் பேனா மூடியைப் பல்லால் கழற்றினார். "பேரு?"

ஹிக்மத் கழுத்தை வளைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். உச்சியில் பள்ளியின் பச்சைக் கதவு பாதி சாத்தியிருந்தது. வாசலில் நின்ற காவல்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசிப் படியில் ஒரு சின்ன உருவம் தடுக்கி, கையை ஊன்றி எழுந்து, சீட்டை நீட்டியது. காவல்காரர் சீட்டைப் பார்த்தார். பிறகு உருவத்தைப் பார்த்தார். மறுபடியும் சீட்டைப் பார்த்தார். ஹிக்மத்துக்கு அந்த ஆளின் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. பிறகு அவர் ஒதுங்கி வழிவிட்டார். உருவம் உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது.

"பேரு கேட்டேன்," என்றார் போக்குவரத்துக் காவலர். "என்ன சிரிப்பு? வேடிக்கையா இருக்கா?"

"இல்லைங்க, பாஷா," என்றார் ஹிக்மத், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்க வீட்டுல ஒண்ணாவது மேடு ஏறிடுச்சு. நீங்க எழுதுங்க."